பாலிலிருந்து எடுக்கும் வே புரோட்டீன் பொடியைக் குடித்தால், ஒரு மணி நேரத்துக்குள் வயிறு உப்புகிறது. பட்டாணிப் புரதத்துக்கு மாறினால் தசை வளர்ச்சி குறையுமா?

குறையாது, அளவை மட்டும் சற்றுக் கூட்டுங்கள். தசை உருவாவதைத் தூண்டும் லியூசின் வே புரதத்தில் ஏறக்குறைய 10 சதவீதம், பட்டாணிப் புரதத்தில் 8 சதவீதம். 25 கிராம் வே புரதம் தருவதைப் பெற, பட்டாணிப் புரதம் 30 கிராமுக்குச் சற்று மேல் வேண்டும்.

குடித்த ஒரு மணி நேரத்துக்குள் உப்புவதாக எழுதியிருக்கிறீர்கள். லாக்டோஸ் எனும் பால் சர்க்கரை காரணமாக இருக்கலாம். டப்பாவின் பின்புறம் மூலப்பொருள் வரிசையில் முதலில் ‘கான்சென்ட்ரேட்’ என்றிருக்கிறதா? குறைவாகச் சுத்திகரித்த வகையான அதில் லாக்டோஸ் கூடுதல். கூடுதலாகச் சுத்திகரித்த ‘ஐசோலேட்’டில் மிகக் குறைவு.

1. பொடியை ஒரு வாரம் நிறுத்துங்கள்.
2. பிறகு ஒரு நாள், வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் பால் மட்டும் குடியுங்கள். உப்பினால் பெரும்பாலும் லாக்டோஸ்தான், ஐசோலேட்டே போதும்.
3. பால் ஒத்துக்கொண்டால், வயிற்றை உப்பவைக்கக்கூடிய சார்பிட்டால், சைலிட்டால் (இனிப்பூட்டிகள்), குவார் பிசின் (கெட்டியாக்கும் பொருள்) ஆகியவற்றைப் பட்டியலில் தேடுங்கள். இவை தாவரப் பொடிகளிலும் சேர்க்கப்படுகின்றன. பார்க்காமல் மாறினால் பணம்தான் வீண்.

‘உடல் நச்சை நீக்கும்’ என்று எந்த டப்பா சொன்னாலும் தயவுசெய்து நம்பாதீர்கள். தாவரப் பொடிகளில் மண்ணிலிருந்து ஈயம் சேரக்கூடும். வெளி ஆய்வகத்தில் பரிசோதித்த பொடியையே வாங்குங்கள்.

தோல் தடிப்பு, மூச்சுத்திணறல் வந்திருந்தால் அது பால் ஒவ்வாமையாக இருக்கலாம். அப்போது இந்தப் பால் சோதனை கூடவே கூடாது. சிறுநீரக நோய் இருந்தால் எந்தப் பொடிக்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள்.