உன் வேலைக்காரியானாலும்...

கேள்வி: எங்கள் வீட்டில் ஆறு வருடங்களாகச் சமையல் வேலை செய்யும் பெண் கண்ணகி நகரிலிருந்து வருகிறாள். அவளும் கிறிஸ்தவள்தான். வீட்டில் ஒருத்தி மாதிரி வைத்திருக்கிறோம். இப்போது திடீரென்று, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போக லீவு வேண்டும் என்கிறாள். அன்று நாங்களும் ஆலயத்துக்குப் போகிறோம். மதியம் உறவினர்கள் சாப்பிட வருவார்கள். கைபேசியில் ஆராதனை பார்த்துக்கொண்டே சமைக்கலாமே என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். விசுவாசி என்ற முறையில் நான் என்ன செய்வது? லீவு கொடுத்தால் சம்பளத்தில் பிடிக்கலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, அடையாறு.

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். பிடிக்கக் கூடாது.

விசுவாசி என்ற முறையில் கேட்கிறீர்கள்; வேதப்புத்தகத்தையே எடுத்துக்கொள்வோம். ‘ஓய்வுநாளைப் பரிசுத்தமாய் ஆசரிக்க நினைப்பாயாக’ என்பது உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். ஞாயிறு பள்ளியில் அந்த வரியோடு நிறுத்திவிடுவார்கள். பரிசாக டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு நாமும் வந்துவிடுவோம். யாத்திராகமம் 20-ல் இரண்டு வசனம் தள்ளிப் படியுங்கள். அன்றைக்கு யாரெல்லாம் வேலை செய்யக் கூடாது என்று பட்டியலே இருக்கிறது: நீ, உன் மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன், வாசலில் இருக்கும் அந்நியன். மாட்டுக்குக்கூட லீவு உண்டு. (மனைவியை மட்டும் காணோம். அதற்குப் பிறகு வருகிறேன்.) உபாகமம் 5-ல் காரணமும் இருக்கிறது: உன்னைப்போல் அவர்களும் இளைப்பாற வேண்டும், நீயும் எகிப்தில் அடிமையாக இருந்தவன்தான்.

இந்தக் காலத்துச் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்களானால், வீட்டு வேலை செய்பவர்களுக்கு வாரம் ஒருமுறை தொடர்ச்சியாக 24 மணி நேர ஓய்வு வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011-ல் உடன்படிக்கை கொண்டுவந்தது. இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. மோசே எவ்வளவோ முந்திக்கொண்டார்.

‘திடீரென்று’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறு வருடம் என்றால் முந்நூறு ஞாயிறுக்கு மேல். அத்தனையும் பொறுத்திருந்துவிட்டுத்தான் அவர் வாய் திறந்திருக்கிறார். வீட்டில் ஒருத்தி மாதிரி என்றால், அந்த முந்நூறில் ஒரு ஞாயிறாவது ஆலயத்துக்குப் போகும் உங்கள் காரில் அவருக்கு இடம் இருந்ததா?

கைபேசி யோசனைக்கு வருகிறேன். 2020-ல் ஊரடங்கின்போது நாம் எல்லோரும் ஈஸ்டரைக் கைபேசியில்தான் கொண்டாடினோம். நான் லுங்கியோடு உட்கார்ந்து, பாதிப் பிரசங்கத்தில் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருந்தேன். ஆலயம் திறந்ததும் முதல் ஆராதனைக்கே ஓடினேன். நீங்களும் ஓடியிருப்பீர்கள். கைபேசியே போதும் என்று இன்னமும் நினைத்தால், நீங்கள் வீட்டில் உட்கார்ந்து பாருங்கள், அவர் போய்வரட்டும்.

கண்ணகி நகரில் ஒரு ஞாயிறு மதியம், தகரக் கூரை போட்ட ஒரு சபையின் வாசலில் நின்றிருக்கிறேன். சென்னையின் ஆற்றோரங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோய்க் குடிவைக்கப்பட்ட குடும்பங்கள் பல அங்கே இருக்கின்றன. ஆராதனை முடிந்தும் பெண்கள் கலையவில்லை. இஸ்திரி போட்ட புடவை, ஜிப் வைத்த உறைக்குள் பைபிள். மற்ற நாட்களில் அடுத்தவர் வீட்டுச் சிங்க்கின் முன்னால் நிற்பவர்கள். அன்று அவர்களில் ஒருவர் சாட்சி சொல்லியிருந்தார். இன்னொருவர் பாட்டை எடுத்துக் கொடுத்திருந்தார். பாட்டு எடுத்தவரைச் சுற்றி நின்று, “சிஸ்டர், அடுத்த வாரமும் நீங்கள்தான்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். உங்கள் சமையலறையில் சாய்த்து வைத்த கைபேசியில் அவரிடம் யார் அப்படிச் சொல்வார்கள்?

மிச்சம் விருந்தாளிகள். பட்டியலில் விடுபட்ட மனைவிமார்களில் என் அம்மாவும் ஒருவர். சனிக்கிழமை மாலையே சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டில் மீன் வாங்கி, இரவே குழம்பு வைத்துவிடுவார். மண்சட்டியில் ஓர் இரவு ஊறிய குழம்புக்கு உள்ள ருசி அன்றன்றைக்கு வைத்ததற்குக் கிடையாது. ஞாயிறு மதியம் சோறு வடிப்பது மட்டும்தான் பாக்கி. அதை என் அப்பா செய்துவிடுவார். உங்கள் வீட்டுக்காரருக்குச் சோறு வடிக்கத் தெரியுமா?