தோலைப் படிக்க நீட் கட்டாயமா?

நீட்டில் மகளுக்கு மதிப்பெண் குறைந்துவிட்டது, தோல் டாக்டர் ஆசை போயிற்று, பி.எஸ்சி. உயிர்வேதியியலில் சேர்த்தால் வீணாகிவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள், சார். அலோபதி தோல் டாக்டராகி மருந்துச் சீட்டு எழுத வேண்டுமென்றால் எம்.பி.பி.எஸ். வழிதான், வேறில்லை. ஆனால் அவளுக்குப் பிடித்தது வைத்தியமா, தோல் எப்படி வேலை செய்கிறது என்பதா? இதைச் சொல்லிப் பாருங்கள்.

மேல்தோலின் அடியில் பிறக்கும் செல், மேலே வந்து உதிர ஏறக்குறைய 4 வாரம் ஆகிறது. உதிரும் நேரத்தில் செல்களைப் பிணைத்திருக்கும் புரதங்களை வெட்டிவிடுபவை காலிக்ரீன் 5, 7 என்ற நொதிகள். சிறுகுடலில் பருப்பைச் செரிக்கும் டிரிப்சினுக்குப் பங்காளிகள் இவை! வெட்டு எல்லை மீறாமல் லெக்டி என்ற புரதம் பிடித்து வைக்கிறது. அது இல்லாமல் பிறக்கும் குழந்தைக்கு நெதர்ட்டன் நோய்: தோல் சிவந்து உரிந்துகொண்டே இருக்கும், முடி மூங்கில் கணுபோல முடிச்சிட்டு ஒடியும். லெக்டியைச் செய்யும் ஸ்பிங்க்5 மரபணுவின் பழுதுதான் காரணம் என்பது 2000-இல்தான் தெரியவந்தது. நொதி குறைந்தாலும் வம்புதான். மேட்ரிப்டேஸ் என்ற இன்னொரு தோல் நொதி பழுதானால் தோல் செதில் செதிலாகிறது, முடி அடர்த்தி குறைகிறது.

இதைக் கேட்டுவிட்டு அவள் மேலே கேள்வி கேட்டால், தயங்காமல் உயிர்வேதியியலில் சேருங்கள். அழகுக்கலை டிப்ளமாவை இதற்கு மாற்று என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது வேறு தொழில்.

புரதம் வெட்டும் இந்த வகை நொதிகளுக்குத் தோல் பதனிடும் தொழிலிலும் வேலை உண்டு. தோலிலிருந்து முடி நீக்கச் சுண்ணாம்பும் சல்பைடும் போடுவதுதான் பழைய முறை. கழிவுநீர் எப்படி நாறும் என்பது ஆம்பூர், ராணிப்பேட்டைக்காரர்களுக்குத் தெரியும். அதற்குப் பதிலாகப் புரதம் செரிக்கும் நொதியால் முடியின் வேரைத் தளர்த்தும் ஆய்வைச் சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் செய்துவருகிறது.

பணம்? பி.எஸ்சி.யோடு நின்றால் ஆய்வுக்கூட வேலைதான், தொடக்கச் சம்பளம் சுமார்தான். ஜாம் அல்லது காட்-பி என்ற நுழைவுத் தேர்வு எழுதி நல்ல இடத்தில் எம்.எஸ்சி., அப்புறம் தேசிய அளவிலான நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் தகுதி வாங்கினால் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும்போதே மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. நீண்ட பாதைதான். வீட்டில் அவசரம் இருந்தால் இப்போதே பேசிவிடுங்கள்.

கல்லூரி பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். புரதங்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் ஜெல் சோதனையை மாணவர்களே செய்கிறார்களா என்று மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் கேளுங்கள். மகளுக்கு வேதியியல் என்றாலே கசப்பு என்றால், இந்தப் பேச்சையே விட்டுவிடலாம்.