மேல் தட்டில் ஃபெர்ஸ்மான் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ருஷ்யக் கனிமவியலாளர் அலெக்சாந்தர் ஃபெர்ஸ்மானைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, அவருடைய புவிவேதியியல் நூலின் ஆங்கிலப் பதிப்பை மகளுக்காக வாங்கினேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். செருப்புப் பெட்டி நிறையக் கற்கள் சேர்த்து வைத்திருக்கிறாள். பிறகு தேடிப் பார்த்தபோது, அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கீபினிச் சுரங்கங்களில் வேலை செய்தவர்கள் ஸ்டாலின் ஆட்சி ஊரைவிட்டுப் பெயர்த்துக் கொண்டுபோன விவசாயிகள் என்று தெரிந்தது. புத்தகத்தை அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிட்டேன். ரத்தக்கறை படிந்த அறிவியலைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? அவர் கட்சி ஆளா? கல்லைப் படித்தால் வேலை கிடைக்குமா? ராசிக்கல்லுக்கு அறிவியல் அடிப்படை உண்டா என்றும் கேட்கச் சொன்னாள் மனைவி.

க., திண்டுக்கல்

அன்புள்ள க.,

ராசிக்கல்லைப் பற்றி நகைக்கடைக்காரரிடம் கேளுங்கள். அவர் அதை நம்புவதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. வேலை கிடைக்குமா என்று ஒன்பதாம் வகுப்பிலேயே கேட்கத் தொடங்கினால், அந்தப் பெட்டி சீக்கிரமே குப்பைக்குப் போய்விடும். கட்சிக் கேள்வியை விடுங்கள். என்னைத் தைத்தது அந்த மேல் தட்டுதான். கொஞ்ச காலமாக நானும் கீபினி மலைகளைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஃபெர்ஸ்மான் 1883இல் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர். சிறு வயதுக் கோடைக்காலங்கள் கிரிமியாவில், தாய்மாமன் வீட்டில். சிம்ஃபெரோபோல் பக்கத்துக் குன்றுகளில் பளிங்குப் படிகங்களைப் பொறுக்கித் திரிந்த பையன். ஒதேசாப் பல்கலைக்கழகத்தில் கனிமவியலை நடத்திய லட்சணத்தில், கலை வரலாறு படிக்கப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார். தடுத்து நிறுத்தினார்கள். பிறகு மாஸ்கோவில் வெர்னாத்ஸ்கி ஆசிரியராக வாய்த்தார். கல்லுக்குப் பெயரிட்டு அடுக்கி வைப்பதோடு நில்லாமல், அது எப்படி உண்டானது, அதிலுள்ள தனிமங்கள் எங்கிருந்து எங்கே போகின்றன என்று கேட்கக் கற்றுத்தந்தவர் அவர். 1912இல் ஃபெர்ஸ்மான் அதையே புவிவேதியியல் என்று தனிப் பாடமாக நடத்தினார். 1919இல் அறிவியல் கழக உறுப்பினர். மற்றவற்றைக் கலைக்களஞ்சியத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

1920இல், உள்நாட்டுப் போரும் பசியும் ஓயாத நேரத்தில், ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே கோலா தீபகற்பத்திலுள்ள கீபினி மலைகளுக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார். கூடப் போனவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வருடா வருடம் போனார்கள். 1926இல் லபுன்த்சோவ் என்ற அவருடைய சகா, குக்கிஸ்வும்சோர் மலையில் அபடைட் பெருமளவில் இருப்பதைக் கண்டார். பாஸ்பரஸ் நிறைந்த கல். அதைக் கந்தக அமிலத்தோடு வினைபுரியச் செய்தால் சூப்பர் பாஸ்பேட் உரம்.

எங்கள் வீட்டில் அதற்குச் ‘சூப்பர்’ என்று பெயர். நடவுக்கு முன்பு தாத்தா மூட்டையைப் பிரித்துக் கூடையில் அள்ளுவார். சாம்பல் நிறம், மூக்கில் ஏறும் புளித்த நெடி. அருகம்புல் அறுத்த கீறல்களில் பட்டால் எரியும். அதற்காகவே விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு வயலில் இறங்குவார். அந்த உரம் கீபினியிலிருந்து வந்தது என்று சொல்லவில்லை. ஆனால் அபடைட் என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைகள்தான் நினைவுக்கு வருகின்றன.

அதனால்தான் இதை விட முடியவில்லை. 1930, 31ஆம் ஆண்டுகளில் குலாக்குகள், அதாவது வசதி படைத்த விவசாயிகள், என்று முத்திரை குத்தி, ஆயிரக்கணக்கான குடும்பங்களை நிலத்திலிருந்து பிடுங்கி அங்கே கொண்டுபோய் இறக்கினார்கள். முதல் குளிர்காலம் கூடாரங்களிலும் மண் குடிசைகளிலும் கழிந்தது. குழந்தைகள் பலர் இறந்தனர். உழத் தெரிந்தவனை உழவிடாமல் இழுத்துவந்து, வேறு யாரோ உழப்போகும் நிலத்துக்கு உரக்கல் வெட்டச் சொன்னார்கள். திரும்பவும் சொல்கிறேன்: நிலம் பறிக்கப்பட்டவன் நிலத்துக்கு உரம் வெட்டினான். அதே கல்லை அன்றைய பிரசுரங்கள் ‘வளமையின் கல்’ என்று கொண்டாடின. கீபினோகோர்ஸ்க் என்று எழுந்த அந்த நகரத்துக்கு 1934இல் கீரோவ்ஸ்க் என்று ஒரு தலைவரின் பெயரை வைத்தார்கள்.

இப்போது இன்னொரு கல். 1922 ஏப்ரலில் கிரெம்ளின் ஆயுதக் காட்சிக்கூடத்தில் ஜார் மன்னர்களின் நகைப்பெட்டிகளைத் திறந்தபோது ஃபெர்ஸ்மான் அங்கே இருந்தார். வெளியே வசந்தம், உள்ளே உறைந்த அறைகள், கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடந்ததாக எழுதுகிறார். அந்தக் கருவூலத்தில் ‘ஷா’ என்ற வைரமும் உண்டு. நம் கோல்கொண்டா பக்கத்துக் கல், 88.7 காரட். அகமதுநகரின் புர்ஹான் நிஜாம் ஷா, ஷாஜகான், ஈரானின் ஃபத் அலி ஷா ஆகிய மூவரின் பெயரும் பாரசீக எழுத்தில் அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நூல் கட்டித் தொங்கவிடச் சுற்றிலும் ஒரு காடி. அந்த எழுத்தை எப்படிப் பொறித்திருப்பார்கள் என்று ஃபெர்ஸ்மான் ஆசை ஆசையாக விவரிக்கிறார்: மெழுகு பூசி, ஊசியால் எழுத்தைக் கீறி, ஊசி முனையில் வைரத் தூளைத் தொட்டுத் தொட்டுத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒரு அரசனின் பெயர் கல்லில் ஏறிய விதத்தை ஊசி முனைவரை பின்தொடர்ந்த அந்தக் கண், கீபினிக் கூடாரங்களைப் பார்க்காமல் இருந்திருக்காது. அவர் எழுதி நான் படித்த பக்கங்களில் அந்த விவசாயிகள் இல்லை. மலை இருக்கிறது, பனி இருக்கிறது, தோழர்கள் இருக்கிறார்கள், டன் கணக்குகள் இருக்கின்றன. என் வழக்கு அவர் கண்டுபிடித்ததன் மீது இல்லை, அந்தப் பக்கங்களின் மீதுதான். பேசியிருந்தால் உயிரோடு விட்டிருப்பார்களா என்று கேட்பீர்கள். விட்டிருக்க மாட்டார்கள். அபடைட் நிறுவனத்தை நடத்திய கொந்த்ரிக்கோவையே 1937இல் சுட்டுக் கொன்றார்கள். ஃபெர்ஸ்மானுக்கு 1942இல் ஸ்டாலின் பரிசு கிடைத்தது. 1945 மே மாதம் சோச்சியில் இறந்தார். பயம் எனக்குப் புரிகிறது. அதற்காக அந்தப் பக்கங்கள் நிறைந்துவிடவில்லை.

ஆனால் நீங்கள் செய்ததும் அதேதான், க. உங்களுக்குத் தெரிந்ததை மகளிடம் சொல்லாமல் புத்தகத்தை ஒளித்துவைத்தீர்கள். அவருக்குத் துப்பாக்கி பயம். உங்களுக்கு என்ன பயம்? மேல் தட்டில் தூக்கி வைத்ததால் கீபினியில் செத்த ஒரு குழந்தைக்குக்கூட நியாயம் கிடைக்கவில்லை. உங்கள் மனது சுத்தமாக இருப்பதாக உங்களுக்கு ஒரு திருப்தி கிடைத்தது, அவ்வளவுதான். இந்தத் திருப்தி இப்போது எல்லோரிடமும் பெருகிக் கிடக்கிறது. எனக்கு அதைக் கண்டால் எரிச்சல்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். மகள் பெட்டியைத் தூக்கி எறியாமல் வைத்திருக்கிற அப்பா நீங்கள். அது பெரிய விஷயம். புத்தகத்தை இறக்கிக் கொடுங்கள். கீபினி பற்றிய பக்கம் வரும்போது பக்கத்தில் உட்கார்ந்து, அங்கே யார் கல் வெட்டினார்கள் என்று சொல்லுங்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும். ஒரு பூதக்கண்ணாடியும் சின்னச் சுத்தியலும் வாங்கிக் கொடுங்கள். கல்லை உடைக்கும்போது கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், சில்லு தெறிக்கும்.