மூக்கு துடைக்கிற வேலைக்கு டிகிரி எதுக்குன்னு கேட்ட அப்பாவுக்கு

சார், உங்க மெசேஜ் படிச்சேன். பொண்ணு ப்ளஸ் டூ முடிச்சிட்டு பி.காம் வேணாம், சின்னப் பசங்களோட வளர்ச்சி பத்தி படிக்கணும்னு நிக்கிறா, நீங்க "மூக்கு துடைக்கிற வேலைக்கு டிகிரி எதுக்கு"ன்னு கேக்கறீங்க. மூக்கும் துடைக்கணும் சார், அத மறைக்க மாட்டேன். ஆனா அதை யார், எப்படி பண்றாங்கங்கறதுல தான் படிப்பே இருக்கு.

ஜூன் மாசம் எந்த ப்ளே ஸ்கூல் வாசல்லயும் நின்னு பாருங்க. ரெண்டரை வயசு குழந்தை அலறுது, அம்மா கண்ணுல படாம நைசா நழுவுறாங்க, ஆயா தூக்கிட்டு உள்ள போயிடறாங்க, மறுநாள் அந்தக் குழந்தை இன்னும் இறுக்கமா ஒட்டிக்குது. குழந்தை மனசை ஆராய்ஞ்ச உளவியலாளர்கள் பௌல்பி, மேரி ஐன்ஸ்வொர்த் ரெண்டு பேரும் ஆராய்ச்சி பண்ணது, குழந்தைக்கும் அம்மாவுக்கும் இருக்கற இந்தப் பிணைப்பைத் தான். அம்மா போகும்போது குழந்தை அழுததை மட்டும் ஐன்ஸ்வொர்த் பாக்கல, அம்மா திரும்பி வந்ததும் குழந்தை என்ன பண்ணுதுன்னு உத்துப் பாத்தாங்க. இதப் படிச்ச டீச்சர் என்ன பண்ணுவாங்கன்னா, முதல் வாரம் கொஞ்ச நேரம் மட்டும் வச்சுப்பாங்க, தினமும் ஒரே ஆள் கையில வாங்குவாங்க, அம்மாகிட்ட "சொல்லாம ஓடாதீங்க, டாட்டா சொல்லிட்டே போங்க"ன்னு சொல்லுவாங்க. அப்ப பெத்தவங்களுக்கும் ஸ்கூலுக்கும் ஒரு நம்பிக்கை வரும், அது இல்லாம அங்க ஒண்ணும் நடக்காது.

அடுத்து பியாஜே, குழந்தைங்க எப்படி யோசிக்கறாங்கன்னு ஆராய்ஞ்சவர். உங்க வீட்டுல நாலு வயசு வாண்டு இருந்தா ரெண்டு டபராவுல ஒரே அளவு தண்ணி வச்சு, ஒண்ண மட்டும் உயரமான டம்ளர்ல ஊத்திக் காட்டி எதுல நிறைய இருக்குன்னு கேளுங்க, பெரும்பாலும் டம்ளர்னு தான் சொல்லும். அது மக்கு இல்ல சார், அந்த வயசு யோசனை அப்படி. (பியாஜே குழந்தைகளை கொஞ்சம் குறைச்சு எடை போட்டுட்டார்னு பின்னாடி வந்தவங்க சொன்னாங்க, நல்ல காலேஜ்ல அதையும் சேர்த்தே நடத்துவாங்க.) இது தெரிஞ்ச டீச்சர் தான், "எல்கேஜில நூறு வரைக்கும் எழுத வைக்கலயா"ன்னு சண்டைக்கு வர்ற அப்பாகிட்ட புளியங்கொட்டைய எண்ண விடறது ஏன்னு பொறுமையா விளக்க முடியும். வைகாட்ஸ்கின்னு இன்னொரு உளவியலாளர் சொன்னது தனியா முடியாததை பக்கத்துல ஒருத்தர் இருந்தா குழந்தை செய்யும்னு. சட்டை பட்டனை பாதி நுழைச்சு விட்டு மீதிய அதுவே இழுக்கட்டும்னு விடறது, அவ்ளோ தான்.

இது வெளிநாட்டு சமாச்சாரம்னு நினைக்காதீங்க, மாண்டிசோரி கல்வி முறையை உருவாக்கின மரியா மாண்டிசோரியே 1939ல நம்ம சென்னை அடையாறுக்கு வந்து தியசாபிகல் சொசைட்டில டீச்சர்களுக்கு பயிற்சி கொடுத்தாங்க.

வேலைக்கு வருவோம். ஆரம்ப சம்பளம் கம்மி தான், ஐடி சம்பளத்தோட ஒப்பிட்டா வயித்தெரிச்சல் தான் வரும். ஆனா 2017ல மகப்பேறு சட்டத்த திருத்தி, 50 பேரும் அதுக்கு மேலயும் வேலை பாக்கற இடத்துல குழந்தை காப்பகம் இருக்கணும்னு சொல்லிட்டாங்க, ஐடி கம்பெனிங்க இருக்கற ஓஎம்ஆர் ரோடு பக்கம் இதுக்கு ஆள் தேவை இருக்கு. 2020 கல்விக் கொள்கையும் 3 வயசுல இருந்து 8 வயசு வரைக்கும் ஒரே கட்டமா பாக்குது. சிறப்புக் கல்வி பக்கம் போக ஆசைன்னா முட்டுக்காட்டுல மத்திய அரசோட நிறுவனமே இருக்கு, அந்த லைன்ல ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) அங்கீகாரம் இல்லாத கோர்ஸ தொடவே தொடாதீங்க.

டிகிரிக்கு ஹோம் சயின்ஸ், சைக்காலஜி ரெண்டு வழியும் உண்டு. என் ஓட்டு ஹோம் சயின்ஸுக்கு, அதுல மனித வளர்ச்சி பேப்பர் இருக்கான்னு மட்டும் சிலபஸ்ல பாத்துக்கோங்க. மூணு மாச ஆன்லைன் டிப்ளமா, வேலை கியாரண்டின்னு யாராச்சும் போன் பண்ணா கட் பண்ணிடுங்க. காலேஜ்ல ஒரே கேள்வி போதும்: மூணு வருஷத்துல எத்தனை வாரம் நேரடியா குழந்தைங்களோட விடுவீங்க, அங்க பாத்ததை எழுதிக் காட்டினா யார் திருத்துவாங்க? மழுப்பினா அடுத்த காலேஜ் பாருங்க.

அதுக்கு முன்னாடி இந்த லீவுல பொண்ண வீட்டுப் பக்கத்து பால்வாடிலயோ ப்ளே ஸ்கூல்லயோ கேட்டுட்டு ரெண்டு வாரம் உக்கார வைங்க. மதியம் பசங்க எல்லாம் தூக்கத்துக்கு அடம் பிடிக்கற நேரத்துலயும் அங்கயே இருக்கணும். அதுக்கப்புறமும் இதே தான் வேணும்னு சொன்னா அப்ளிகேஷன் வாங்குங்க சார்.