செருப்பை ஓங்கியதுமே கரப்பான் பூச்சி ஓடிவிடுகிறதே, அதற்கு எப்படித் தெரிகிறது?

ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து, அடுப்படி லைட்டைப் போட்டு, கையில் செருப்போடு நின்றிருப்பீர்கள். செருப்பு இறங்குவதற்குள் அது சிங்க் அடியில் போயிருக்கும். கேட்டால் எல்லோரும் "அதுக்குக் கண்ணு அவ்வளவு கூர்மை" என்பார்கள். அது சரியில்லை. நான் பி.எஸ்சி. விலங்கியல் படித்தவள், இதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

விஷயம் அதன் பின்பக்கத்தில் இருக்கிறது. வயிறு முடிகிற இடத்தில் வலதும் இடதுமாக இரண்டு சின்னக் கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும், செர்சை என்று பெயர். சாக்கடையிலிருந்து வருகிற பெரிய செம்பழுப்புக் கரப்பானில், ஒவ்வொரு கொம்பின் அடிப்பக்கத்திலும் சுமார் 200 மெல்லிய மயிர்கள் உண்டு. செருப்பு வருவதற்கு முன்னால் அது தள்ளுகிற காற்று வந்துவிடுகிறது இல்லையா, அந்தக் காற்றில் இந்த மயிர் சாயும். ஒவ்வொரு மயிரும் ஒரு குறிப்பிட்ட திசையில்தான் சுலபமாகச் சாயும் என்பதால், எவையெல்லாம் சாய்ந்தன என்பதை வைத்தே ஆபத்து எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடுகிறது. அந்தச் செய்தி தடித்த நரம்பிழைகள் வழியாக வால் பக்கத்திலிருந்து நேராகக் கால்களை இயக்கும் நரம்பு முடிச்சுகளுக்குப் போகிறது, தலையில் இருக்கிற மூளையைக் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. காற்று பட்டு உடம்பு திரும்ப ஆரம்பிப்பதற்கு ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு போதும். முதலில் எதிர்ப்பக்கம் திரும்பும், அப்புறம்தான் ஓட்டம்.

இதெல்லாம் கல்லூரியில் எனக்கு யாரும் சொல்லவில்லை என்பதுதான் வருத்தம். மூன்று வருடம் கரப்பானை மெழுகுத் தட்டில் குண்டூசி குத்தி வைத்து அறுத்தோம், படம் வரைந்தோம், பாகம் குறித்தோம். வைவாவில் கேட்பதெல்லாம் ஆணா பெண்ணா எப்படிக் கண்டுபிடிப்பாய் என்பதுதான். செர்சைக்கு நடுவில் இன்னும் இரண்டு மெல்லிய குச்சிகள் இருந்தால் ஆண், இல்லாவிட்டால் பெண். சொன்னால் மார்க். அந்தக் கொம்பு எதற்கு இருக்கிறது என்று கேட்கவும் ஆளில்லை, சொல்லவும் ஆளில்லை.

பல வருடம் கழித்து என் பையன் ஏழாம் வகுப்பு படிக்கும்போது பள்ளியில் அறிவியல் கண்காட்சி வைத்தார்கள். இதையே செய்யலாம் என்று நான்தான் சொன்னேன். அகலமான பிளாஸ்டிக் பேசின், ஏறி வராமல் இருக்க உள்விளிம்பில் சுற்றிலும் வாசலின், உள்ளே ஒரு கரப்பான், கையில் ஜூஸ் குடிக்கிற ஸ்ட்ரா. அது அசையாமல் மீசையை மட்டும் ஆட்டிக்கொண்டு நிற்கும்போது, பின்னால் இடப்பக்கத்திலிருந்து சட்டென்று ஊதினால் வலப்பக்கம் திரும்பி ஓடும். வலப்பக்கம் ஊதினால் இடது. 20 முறை ஊதியதில் 17 முறை அப்படித்தான். பையன் நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தான்.

அப்புறம் அதைப் பத்து நிமிடம் டப்பாவோடு ஃபிரிட்ஜில் வைத்து மந்தமாக்கி, பட்ஸ் நுனியால் இரண்டு கொம்பிலும் வாசலின் தடவினோம். (ஃபிரிட்ஜைப் பற்றி என் மாமியார் ஒரு வாரம் பேசினார், அது வேறு கதை.) நன்றாகத் தெளிந்து நடக்க ஆரம்பித்த பிறகு ஊதினோம். 20-க்கு 3 முறைதான் ஓடியது. மற்ற நேரமெல்லாம் அங்கேயே நின்றது. மயிரெல்லாம் ஒட்டிப்போனால் காற்று வந்தது அதற்குத் தெரியாது. "அம்மா, இதுக்கு நாம வர்றதே தெரியல" என்று அவன் கிசுகிசுத்தது இப்போதும் காதில் இருக்கிறது.

இது என் கண்டுபிடிப்பு என்று சொல்லவில்லை. 1970-களிலேயே அமெரிக்காவில் ஜெஃப்ரி கேம்ஹி என்கிற ஆய்வாளரும் அவர் குழுவும் தேரையையும் கரப்பானையும் ஒன்றாக விட்டுப் படம் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். தேரை பாயும்போது கிளம்புகிற காற்றே கரப்பானுக்குப் போதுமாக இருந்தது, செர்சையை மூடிவிட்டால் கூடுதலாக மாட்டிக்கொண்டது. உயிர்வதை என்று வருபவர்களுக்கு: எங்கள் கரப்பான் சாகவில்லை, தெருமுனை வடிகாலில் விட்டுவிட்டோம். கண்ணே கிடையாதா, மீசை எதற்கு என்று வருபவர்களுக்கு: கண்ணும் உண்டு, வெளிச்சம் கண்டால் ஒளியும், மீசையில் எதாவது பட்டாலும் ஓடும். ஆனால் நீங்கள் கேட்டது ஓங்குகிற செருப்பைப் பற்றி. அதற்கு முதல் ஆள் அந்த மயிர்தான்.

கண்காட்சியில் என்ன ஆனது என்றால், "பூச்சியையெல்லாம் எதுக்குக் கொண்டு வந்தீங்க" என்று எங்கள் மேஜையை சைக்கிள் ஸ்டாண்ட் பக்கம் தள்ளிவிட்டார்கள். நடுவர் நோட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. முதல் பரிசு கடையில் காசு கொடுத்துச் செய்து வாங்கிய எரிமலைக்கு. அந்தப் பிள்ளைமேல் எனக்குக் கோபமில்லை, அவனிடம் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையே என்றுதான் கோபம். தெர்மாகோல் கடைக்காரருக்கு வியாபாரம் ஆகத்தான் இந்தக் கண்காட்சிகளா? விலங்கியல் எடுத்தேன் என்றாலே "டாக்டர் சீட் கிடைக்கலையா" என்று கேட்ட சொந்தக்காரர்களும் இதே ரகம். எனக்குப் பூச்சி பிடித்திருந்தது, எடுத்தேன், அவ்வளவுதான்.

சரி, உங்களுக்கு வேண்டியது அடிக்கிற வழி. மெதுவாக நகர்கிற காற்றை அது பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, திடீரென்று வேகமெடுக்கிற காற்றுதான் அதை விரட்டுகிறது. அதனால் ஓங்காதீர்கள். செருப்பை மெல்ல, ரொம்ப மெல்ல, ஒரு சாண் உயரத்துக்குக் கொண்டுபோய் அங்கிருந்து அழுத்துங்கள். ஈ அடிக்கிற மட்டையில் ஓட்டை ஓட்டையாக இருப்பதும் காற்றை முன்னால் தள்ளாமல் இருக்கத்தான். ஆனால் ஈயிடம் அது மட்டும் பலிக்காது, ஈ நிஜமாகவே கண்ணால் பார்த்துத்தான் தப்பிக்கிறது. மட்டை நெருங்கும்போதே காலை நகர்த்தி வைத்து, எதிர்ப்பக்கம் எழும்பத் தயாராகிவிடும்.