கணவன், மனைவி இருவருக்கும் சம்பளம்: வரிச் சலுகையை யார் பெயரில் எடுப்பது?

சென்னையில் இருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "என் கணவருக்கு ஆண்டுக்கு 18 லட்சம் சம்பளம், எனக்கு 9 லட்சம். வாடகை மாதம் 30,000. கோவையில் இருவர் பெயரிலும் ஒரு ஃபிளாட் இருக்கிறது. அதில் மாமனார், மாமியார் இருக்கிறார்கள். வீட்டுக் கடன் வட்டி ஆண்டுக்கு 4 லட்சம். வாடகை, இ.எம்.ஐ., குழந்தையின் ஸ்கூல் ஃபீஸ் எல்லாவற்றையும் பாதிப் பாதியாகப் பிரித்துக் கட்டி, வரிக் கணக்கிலும் அப்படியே காட்டுகிறோம். 2025-26 முதல் இதை மாற்ற வேண்டுமா? அவர் சேமிப்பில் இருந்து 10 லட்சத்தை என் பெயரில் எஃப்.டி. போட்டால் வரி குறையுமா?"

வீட்டுச் செலவைச் சமமாகப் பகிர்வது நல்ல பழக்கம்தான். ஆனால் வரியில் அது உங்களுக்கு நஷ்டத்தைத்தான் தருகிறது. நம் நாட்டில் தம்பதிக்குக் கூட்டு வரிக் கணக்கு கிடையாது. இருவருக்கும் தனித்தனி பான், தனித்தனி வரம்பு. ஒருவர் பயன்படுத்தாத கழிவை இன்னொருவருக்கு மாற்றித் தரவும் முடியாது. அதனால் எந்தச் செலவு யார் கணக்கில் இருந்து போகிறது என்பதைப் பணம் கட்டும்போதே முடிவு செய்ய வேண்டும். ரிட்டர்ன் போடும் ஜூலையில் உட்கார்ந்து யோசித்தால் மாற்றுவதற்கு அதிகம் மிஞ்சாது.

முதலில் உங்கள் கணக்கு, 2025-26 விதிகளின்படி. புதிய வரி முறையில் 9 லட்சத்தில் நிலையான கழிவு 75,000 போனால் 8.25 லட்சம். 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் உங்களுக்கு வரி பூஜ்யம். 80சி (பி.எஃப்., ஸ்கூல் ஃபீஸ் போன்றவற்றுக்கான கழிவு), 80டி (மருத்துவக் காப்பீட்டுக்கான கழிவு), வாடகை, வீட்டுக் கடன் வட்டி என்று நீங்கள் எதைக் காட்டினாலும் பூஜ்யத்துக்குக் கீழே இறங்காது. வரிக்காக என்று மார்ச் மாதத்தில் அவசர அவசரமாக இன்சூரன்ஸ் பாலிசியும் ஐந்து வருட டெபாசிட்டும் போடுகிறவராக இருந்தால், தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். பாலிசி தேவை என்றால் தேவைக்காக எடுங்கள்.

இனி உங்கள் கணவர். புதிய முறையில் 17.25 லட்சத்துக்கு வரி 1,45,000. 4 சதவீத செஸ் சேர்த்து 1,50,800. இந்தக் கழிவுகளை அனுமதிக்கும் பழைய முறையில் வரி இதைவிடக் குறையுமா என்பதுதான் கேள்வி. தம்பதி இருவரும் ஒரே முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி எந்த விதியும் இல்லை. நீங்கள் புதியதிலும் அவர் பழையதிலும் இருக்கலாம்.

அவருடைய அடிப்படைச் சம்பளம் மாதம் 60,000, எச்.ஆர்.ஏ. (வீட்டு வாடகைப் படி) 30,000 என்று வைத்துக்கொள்வோம். கிடைத்த எச்.ஆர்.ஏ., அடிப்படைச் சம்பளத்தில் பாதி (சென்னைக்கு), கட்டிய வாடகையில் அடிப்படைச் சம்பளத்தின் 10 சதவீதம் போக மீதி: இந்த மூன்றில் எது குறைவோ அதற்கு வரி இல்லை. ஆண்டு வாடகை 3.6 லட்சத்தையும் அவரே கட்டினால் 72,000 போக 2.88 லட்சம் கழியும். அப்புறம் நிலையான கழிவு 50,000, பி.எஃப்., ஸ்கூல் ஃபீஸ், கடன் அசல் எல்லாம் சேர்ந்து 80சி-யில் 1.5 லட்சம், குடும்பத்துக்கும் அவருடைய பெற்றோருக்கும் மருத்துவக் காப்பீடு எடுத்திருந்தால் அதிகபட்சம் 75,000, கடன் வட்டியில் அவர் பங்கு 2 லட்சம். மீதி 10.37 லட்சம். வரி செஸ்ஸோடு 1,28,544. புதிய முறையைவிட 22,256 ரூபாய் குறைவு.

இதே கணக்கில் வாடகையை மட்டும் பாதியாக்கிப் பாருங்கள். அவர் கட்டுவது 1.8 லட்சம், கழிவது 1.08 லட்சம்தான். பழைய முறையில் வரி 1,84,704-க்கு ஏறிவிடும். பழைய முறையே வேண்டாம் என்றாகிவிடும். உங்கள் வீட்டில் எல்லாம் இந்த வாடகையில்தான் நிற்கிறது. வாடகை ஒப்பந்தத்தை அவர் பெயருக்கு மாற்றுங்கள், முழு வாடகையும் மாதாமாதம் அவருடைய வங்கிக் கணக்கில் இருந்தே போகட்டும். ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டுவதால் வீட்டு உரிமையாளரின் பான் எண்ணும் வேண்டும். கோவையில் சொந்த வீடு இருப்பது இதற்குத் தடை இல்லை. வேலை சென்னையில் இருக்கிறது.

வட்டியில் உங்கள் பங்கான 2 லட்சம் வீணாகிறதே என்று தோன்றும். அதற்கு இப்போது வழி இல்லை. பத்திரத்தில் பாதிப் பங்கு உங்களுடையது என்றால், முழு இ.எம்.ஐ.யும் அவரே கட்டினாலும் முழு வட்டியையும் அவர் கணக்கில் கேட்பதை நான் ஆதரிக்க மாட்டேன். அவர் ஒருவருக்கு 2 லட்சம்தான் உச்சவரம்பு என்பதால் அதில் லாபமும் இல்லை. வரிக்காகப் பத்திரத்தில் இருந்து உங்கள் பெயரை எடுக்க யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வீட்டில் உங்களுக்குள்ள உரிமை அந்த வரியைவிடப் பெரியது.

காப்பீட்டில் ஒரு விஷயம். 80டி-யில் பெற்றோர் என்றால் அவரவர் பெற்றோருக்கு மட்டுமே கழிவு. மாமனார், மாமியார் பிரீமியத்தை நீங்கள் கட்டினால் இருவருக்குமே பயன் இல்லை. அவர் கட்ட வேண்டும், அதுவும் ரொக்கமாக இல்லாமல். 50,000 வரம்பு பெற்றோர் 60 வயதைத் தாண்டியிருந்தால்தான், இல்லாவிட்டால் 25,000. ஸ்கூல் ஃபீஸில் டியூஷன் ஃபீஸ் மட்டும்தான் 80சி-யில் வரும். வேன் கட்டணம் வராது.

சரி, அந்த 10 லட்சம் எஃப்.டி. கணவர் மனைவிக்குப் பணம் கொடுப்பதற்கு வரி இல்லை. ஆனால் அந்தப் பணம் ஈட்டும் வட்டி, சட்டப்படி அவர் வருமானத்தோடுதான் சேரும். 7 சதவீதம் என்றால் 70,000 ரூபாய், பழைய முறையில் 30 சதவீத வரியில் போய் விழும். வட்டியை மறுமுதலீடு செய்து அதன் மேல் வரும் வட்டி மட்டும்தான் உங்களுடையது. வங்கி டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வரி) உங்கள் பானில் பிடிப்பதாலேயே அது உங்கள் வருமானம் ஆகிவிடாது. இதில்தான் பலருக்கு நோட்டீஸ் வருகிறது.

நேர்மையான வழி எளிது. வாடகை, மளிகை, ஃபீஸ், கரண்ட் பில் எல்லாம் அவர் சம்பளத்தில் போகட்டும். உங்கள் சம்பளத்தைத் தொடாமல் சேர்த்து, உங்கள் கணக்கில் இருந்தே எஃப்.டி. போடுங்கள். சம்பாதித்தது நீங்கள், வட்டியும் உங்களுடையது. உங்களுக்கு 12 லட்சம் வரம்பை எட்ட இன்னும் 3.75 லட்சம் இடம் இருக்கிறது. அதுவரை வட்டிக்கு வரி வராது. பங்கு, பங்கு சார்ந்த மியூச்சுவல் ஃபண்ட் விற்ற லாபத்துக்கு இந்தத் தள்ளுபடி பொருந்தாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். குழந்தை பெயரில் டெபாசிட் போட்டாலும் அந்த வட்டி பெற்றோரில் அதிக வருமானம் உள்ளவரிடம், அதாவது அவரிடமே சேரும்.

உங்கள் சம்பளம் 12.75 லட்சத்தைத் தாண்டினால் இந்த ஏற்பாட்டை மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். இப்போதைக்கு உங்கள் கணவர் பழைய முறை வேண்டும் என்று அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, கழிவு விவரங்களைத் தரும் படிவமான ஃபார்ம் 12பிபி-யில் வாடகை, வட்டி விவரங்களைத் தரட்டும். சொல்லாவிட்டால் புதிய முறைப்படியே பிடிப்பார்கள். அப்படிப் பிடித்தாலும் ரிட்டர்னில் பழைய முறைக்கு மாறி ரீஃபண்ட் வாங்கலாம். ஆனால் அதைக் கெடு தேதிக்குள், 2026 ஜூலை 31-க்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். தாமதமாகப் போட்டால் அந்த ஆண்டுக்குப் பழைய முறை கிடைக்காது.