எந்தத் தூதரகம், எத்தனை நாள்? – ஷெங்கன் விசா கேள்வி பதில்

ஐரோப்பாவின் 29 நாடுகளுக்கு ஒரே விசா போதும் என்பதால் ஷெங்கன் விசா பற்றி வாசகர்களிடமிருந்து கேள்விகள் தொடர்ந்து வருகின்றன. இந்த முறை முழுப் பகுதியும் அதற்கே. 90 நாளுக்கு உட்பட்ட சுற்றுலா, உறவினர் சந்திப்பு, அலுவலகப் பயணங்களுக்கான குறுகிய கால விசாவைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம். படிப்பு, வேலைக்கான விசாக்களுக்கு விதிகள் வேறு.

கேள்வி: இத்தாலியில் நான்கு இரவு, பிரான்ஸில் நான்கு இரவு, சுவிட்சர்லாந்தில் மூன்று இரவு என்று திட்டம். ரோமில் இறங்கி பாரிஸிலிருந்து திரும்புகிறோம். எங்கே அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிறதோ அங்கே போட்டுவிடு என்கிறார் நண்பர். சரியா?

சரியில்லை. பயணத்தின் முக்கிய நோக்கம் எந்த நாட்டிலோ, அல்லது அதிக நாள் எங்கே தங்குகிறீர்களோ, அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு நாடுகளில் நாள் கணக்கு சமமாகி முக்கியமான நாடு எது என்று சொல்ல முடியாமல் போனால், ஷெங்கன் எல்லைக்குள் முதலில் எந்த நாட்டின் வழியாக நுழைகிறீர்களோ அது. உங்கள் திட்டப்படி அது இத்தாலி. பாரிஸில் ஒரு இரவு கூட்டினால் பிரான்ஸ் ஆகிவிடும். திட்டத்தை அப்படி மாற்றிக்கொள்வதில் தவறில்லை. ஆனால் மாற்றினால் ஓட்டல், ரயில், விமானம் எல்லாவற்றிலும் மாற்றுங்கள். கவரிங் லெட்டரில் ஐந்து இரவு, ஓட்டல் பதிவில் நான்கு இரவு என்று இருந்தால், அந்த ஒரு இரவே சந்தேகத்துக்குப் போதும்.

அப்பாயின்ட்மென்ட் எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காகப் போகாத நாட்டின் விசாவை வாங்கி, வேறு நாட்டில் சுற்றிவிட்டு வருவது பலர் செய்யும் வேலை. எல்லையில் ஓட்டல் பதிவைக் கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள். விசாவை அங்கேயே ரத்து செய்ய அதிகாரிக்கு உரிமை உண்டு. அடுத்த விண்ணப்பத்தின்போதும் பழைய பயணம் கிளறப்படும். உண்மையிலேயே இத்தாலிக்குப் போகிறவர், இத்தாலி விசாவோடு ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கினால் அதில் பிரச்சினை கிடையாது. இறங்கும் நாடும் விசா தந்த நாடும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று விதி இல்லை.

கேள்வி: எவ்வளவு முன்னதாக விண்ணப்பிக்கலாம்? பாஸ்போர்ட் எத்தனை மாதம் செல்ல வேண்டும்? கட்டணம் எவ்வளவு?

பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசியாக 15 நாள் முன்பு வரை. ஆனால் அந்தக் கடைசி நாளை நம்பாதீர்கள். முடிவு சொல்ல விதிப்படி 15 நாள் என்றாலும், கூடுதலாக விசாரிக்க வேண்டும் என்று தோன்றினால் 45 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம். கோடை விடுமுறைக்கு முன் அப்பாயின்ட்மென்ட்டுக்கே வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டி வரும். இரண்டரை, மூன்று மாதம் முன்பு விண்ணப்பிப்பதே நிம்மதி.

பாஸ்போர்ட்டுக்கு மூன்று நிபந்தனை: கடந்த பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டிருக்க வேண்டும், ஷெங்கன் பகுதியிலிருந்து வெளியேறும் நாளுக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் செல்ல வேண்டும், இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். போட்டோ 35க்கு 45 மில்லிமீட்டர், சமீபத்தியது. பழைய விசாவில் இருக்கும் அதே போட்டோவை மறுபடி கொடுத்தால் திருப்பிவிடுவார்கள்.

2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 வயது நிறைந்து 12 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்கு 45 யூரோ. அதற்கும் சின்னக் குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. விசா மறுக்கப்பட்டாலும் பணம் திரும்பாது. விண்ணப்ப மையம் தன் சேவைக் கட்டணத்தைத் தனியாக வாங்கும். அங்கே எஸ்.எம்.எஸ்., தனி லவுஞ்ச், கூரியர் என்று கேட்பதெல்லாம் உங்கள் விருப்பம்தான். அவற்றை வாங்கியதால் விசா சீக்கிரம் வராது. முடிவெடுப்பது தூதரகம், மையம் அல்ல. ஒருமுறை கொடுத்த கைரேகை 59 மாதம் வரை மறுபடி பயன்படும், ஆனாலும் நேரில் வரச் சொல்லலாம். 12 வயதுக்குக் கீழே கைரேகை எடுப்பதில்லை.

கேள்வி: கணக்கில் பணம் குறைவாக இருக்கிறது. சொந்தக்காரரிடம் வாங்கிப் போட்டு ஸ்டேட்மென்ட் எடுத்துக் கொடுக்கலாமா?

ஸ்டேட்மென்ட்டில் கடைசி வரியை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. மூன்று அல்லது ஆறு மாத வரவு செலவையும் பார்க்கிறார்கள். மாதாமாதம் சம்பளம் வந்து செலவாகிக்கொண்டிருந்த கணக்கில், அப்பாயின்ட்மென்ட்டுக்கு நான்கு நாள் முன்பு பெரிய தொகை ஒன்று விழுந்திருந்தால், அது கடன் வாங்கிய பணம் என்று பார்த்ததும் தெரியும். மிதமான இருப்பும் ஒழுங்கான சம்பள வரவும் அதைவிட எவ்வளவோ மேல். நியாயமான காரணத்தால் பெரிய தொகை வந்திருந்தால் (டெபாசிட் முதிர்வு, நிலம் விற்றது, பி.எஃப். பணம்) அதற்கான தாளையும் சேர்த்து, கவரிங் லெட்டரில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

எவ்வளவு வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். பிரான்ஸ் வெளிப்படையாகவே கணக்கு சொல்கிறது: ஓட்டல் பதிவு இருந்தால் நாளொன்றுக்கு 65 யூரோ, இல்லையென்றால் 120 யூரோ. உறவினர் செலவை ஏற்கிறார் என்றால் ஒளித்து வைக்க வேண்டியதில்லை. அவருடைய கடிதம், அவருடைய ஸ்டேட்மென்ட், உறவுக்கான சான்று மூன்றையும் வெளிப்படையாகக் கொடுங்கள். பணத்தைவிட அதிகாரி தேடுவது, திரும்பி வருவதற்கான காரணத்தை: வேலை, லீவ் அனுமதிக் கடிதம், தொழில் பதிவு, குடும்பம். லீவ் கடிதத்தில் தேதி இல்லாமல் 'விடுப்பு அனுமதிக்கப்பட்டது' என்று மட்டும் இருந்தால் அது பாதி கடிதம்தான்.

கேள்வி: பாரிஸ் போய், அங்கிருந்து லண்டன், திரும்ப ஆம்ஸ்டர்டாம், பிறகு வீடு. ஷெங்கன் விசாவோடு பிரிட்டன் விசாவும் இருக்கிறது. போதுமா?

ஸ்டிக்கரைப் பாருங்கள். 'நம்பர் ஆஃப் என்ட்ரீஸ்' என்ற இடத்தில் 01 என்று இருந்தால், லண்டன் ரயிலில் ஏறியதும் உங்கள் ஷெங்கன் விசா முடிந்துவிடும். தேதி மீதி இருந்தாலும் ஆம்ஸ்டர்டாமுக்குள் விடமாட்டார்கள். 02 அல்லது 'மல்ட்' என்று இருக்க வேண்டும். விண்ணப்பத்திலேயே இரண்டு நுழைவு கேட்டு, இடையில் லண்டன் போவதையும் எழுதுங்கள். பிரிட்டனைப் போலவே அயர்லாந்தும் ஷெங்கனில் இல்லை.

கேள்வி: அம்மாவுக்கு ஓராண்டு மல்டிபிள் விசா. ஏப்ரல் 10 முதல் மே 9 வரை ஜெர்மனியில் என்னோடு இருந்தார். ஜூலை 1 முதல் 30 வரை பிரான்ஸில் தங்கையோடு. மறுபடி செப்டம்பர் 1 முதல் 45 நாள் வருகிறார். விசா இன்னும் செல்லுபடி. பிரச்சினை இல்லையே?

இருக்கிறது. விசா செல்லும் காலம் வேறு, தங்கலாம் என்று அனுமதித்த நாள் வேறு. எத்தனை ஆண்டு விசாவாக இருந்தாலும், எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாளுக்கு மேல் ஷெங்கனுக்குள் இருக்கக் கூடாது. ஜெர்மனிக்கு 90, பிரான்ஸுக்கு 90 என்று தனித்தனிக் கணக்கு இல்லை, எல்லாம் சேர்த்துத்தான். வந்த நாள், கிளம்பிய நாள் இரண்டும் முழு நாளாகச் சேரும்.

பலர் சறுக்குவது அந்த 180 நாள் எங்கே தொடங்குகிறது என்பதில். அது ஜனவரியிலும் தொடங்காது, முதல் பயணத்திலும் தொடங்காது. அங்கே இருக்கும் ஒவ்வொரு நாளும், அன்றையிலிருந்து பின்னோக்கி 180 நாள் எண்ண வேண்டும். உங்கள் அம்மாவுக்குப் போட்டுப் பார்ப்போம். ஏப்ரல்–மே பயணம் 30 நாள், ஜூலை 30 நாள், ஆக 60. செப்டம்பர் 1 அன்று பின்னோக்கி எண்ணினால் மார்ச் 6 வரை போகிறது. இரண்டு பயணமும் உள்ளே விழுகின்றன. மீதி 30 நாள்தான். செப்டம்பர் 30 அன்று 90 நிறைந்துவிடும். அக்டோபர் 1 அன்று பின்னோக்கி எண்ணினால் ஏப்ரல் 5 வரை போகிறது, பழைய பயணத்தின் ஒரு நாள்கூட இன்னும் கழியவில்லை. அன்று 91. அதாவது விதிமீறல்.

இதற்கு வழி இருக்கிறது. டிக்கெட்டை ஆறு நாள் தள்ளி, செப்டம்பர் 7 அன்று வரச் சொல்லுங்கள். அக்டோபர் 6 அன்று கணக்கு 90 ஆகும். அக்டோபர் 7 அன்று எண்ணும்போது 180 நாள் ஏப்ரல் 11இல் தொடங்கும், பழைய பயணத்தின் முதல் நாள் வெளியே போய்விடும். அன்று முதல் தினமும் ஒரு பழைய நாள் கழிய, ஒரு புதிய நாள் சேர, கணக்கு 90லேயே நிற்கும். அக்டோபர் 21 வரை 45 நாளும் இருந்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்த நாள் வரை விசாவும் செல்ல வேண்டும், ஸ்டிக்கரில் 'டியூரேஷன் ஆஃப் ஸ்டே' 90 என்று இருக்கவும் வேண்டும். சில மல்டிபிள் விசாக்களில் 30 அல்லது 60 என்று குறைத்துக் கொடுப்பதுண்டு. அப்படியானால் மொத்தமே அவ்வளவுதான்.

கையால் எண்ணத் தயங்குகிறவர்களுக்கு ஐரோப்பிய ஆணையத்தின் இணையதளத்தில் இதற்கென்றே ஒரு கணிப்பான் இருக்கிறது. அங்கே போனபின் நீட்டித்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். மருத்துவமனையில் சேர்ந்தது, விமானங்கள் நின்றுபோனது போன்ற காரணங்களுக்குத்தான் நீட்டிப்பு கிடைக்கும். பேரனின் பிறந்தநாள் அதில் சேராது.

கேள்வி: இன்ஷூரன்ஸ் எவ்வளவுக்கு எடுக்க வேண்டும்?

குறைந்தது 30,000 யூரோவுக்கு. ஷெங்கன் நாடுகள் அனைத்திலும் செல்ல வேண்டும். தங்கும் எல்லா நாளையும் அடக்க வேண்டும். அவசர சிகிச்சை, மருத்துவக் காரணத்துக்காகத் தாய்நாட்டுக்கு அழைத்துவருவது, இறப்பு நேர்ந்தால் உடலைக் கொண்டுவருவது எல்லாம் பாலிசியில் எழுதப்பட்டிருக்க வேண்டும். மல்டிபிள் விசாவுக்கு முதல் பயணத்துக்கான பாலிசி காட்டினால் போதும். பின்னால் வரும் பயணங்களுக்கு நீங்களே எடுக்க வேண்டும் என்று விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள்.

கேள்வி: விசா மறுத்துவிட்டார்கள். 'பயணத்தின் நோக்கமும் தங்கும் விதமும் நிரூபிக்கப்படவில்லை' என்ற கட்டத்தில் டிக். மேல்முறையீடா, புதிய விண்ணப்பமா?

தாள் குறைந்ததால் மறுத்தார்களா, தாளைத் தவறாகப் புரிந்துகொண்டு மறுத்தார்களா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். நீங்கள் சொல்லும் கட்டம் பெரும்பாலும் முதல் வகை: நகரத்துக்கு நகரம் போகும் பயணச் சீட்டு இல்லை, சில இரவுகளுக்குத் தங்குமிடம் இல்லை, அழைத்தவரின் கடிதம் போதவில்லை. விண்ணப்பித்ததும் ஓட்டல் பதிவை ரத்து செய்துவிடும் வழக்கமும் இதில் கொண்டுபோய் விடும், தூதரகம் ஓட்டலைக் கேட்டுச் சரிபார்க்கலாம். முடிவு வரும் வரை பதிவு உயிரோடு இருக்கட்டும். இலவசமாக ரத்து செய்யும் வசதியுள்ள ஓட்டலாகத் தேர்ந்தெடுத்தால் நஷ்டமில்லை. விமானத்துக்கும் பதிவு போதும், பணம் திரும்பாத டிக்கெட்டை விசாவுக்கு முன் வாங்காதீர்கள்.

குறைந்த தாளைச் சேர்த்துப் புதிதாக விண்ணப்பிப்பதே பலருக்கும் விரைவான வழி. இடைவெளி விட வேண்டும் என்று விதி இல்லை, ஆனால் எதையும் மாற்றாமல் அதே கட்டைக் கொடுத்தால் அதே முடிவுதான் வரும். மேல்முறையீட்டு உரிமை எல்லாருக்கும் உண்டு. எங்கே, எத்தனை நாளுக்குள் என்பது மறுப்புத் தாளிலேயே இருக்கும். ஜெர்மனி மட்டும் 2025 ஜூலை 1 முதல் தூதரகத்திடமே மறுபரிசீலனை கேட்கும் முறையை எடுத்துவிட்டது. இனி அங்கே நீதிமன்றம்தான். 'முன்பு விசா மறுக்கப்பட்டதா' என்று எந்த நாடு கேட்டாலும் மறைக்க வேண்டாம். ஷெங்கன் நாடுகளின் பொதுத் தரவுத்தளத்தில் அது ஐந்து ஆண்டு இருக்கும்.

கேள்வி: இலங்கை பாஸ்போர்ட். ஃபிராங்க்ஃபர்ட் வழியாகக் கனடா போகிறேன். விமான நிலையத்தை விட்டு வெளியே வரப்போவதில்லை. ட்ரான்சிட் விசா வேண்டுமா?

வெளியே வராவிட்டாலும் விமான நிலைய ட்ரான்சிட் விசா கட்டாயம் என்று ஷெங்கன் வைத்திருக்கும் பொதுப் பட்டியலில் இலங்கையும் உண்டு. ஆனால் செல்லுபடியாகும் கனடா, அமெரிக்க அல்லது ஜப்பான் விசா கையில் இருப்பவருக்கு விலக்கு இருக்கிறது. நீங்கள் கனடா விசாவோடு போவதால் பிரச்சினை இல்லை.

இரண்டு விஷயத்தில் கவனம். ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி பாரிஸுக்குப் போய் அங்கிருந்து கனடா என்றால், நடுவில் இருப்பது உள்நாட்டு விமானம் மாதிரி. ஷெங்கனுக்குள் நுழைந்தாக வேண்டும், ட்ரான்சிட் விலக்கு உதவாது, முழு ஷெங்கன் விசா வேண்டும். இரண்டு டிக்கெட்டும் தனித்தனியாக வாங்கி, பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டியிருந்தாலும் அதே கதைதான். மலிவாகக் கிடைக்கும் டிக்கெட்டுகள் பலவும் இப்படித்தான் இருக்கும். ஏறும் ஊரிலேயே விமான நிறுவனம் நிறுத்திவிடும்.

கேள்வி: விசா கிடைத்துவிட்டது. எல்லையில் என்ன கேட்பார்கள்? முத்திரை குத்துவதில்லை என்கிறார்களே?

விசா என்பது எல்லை வரை போக அனுமதி. உள்ளே விடுவதா என்று முடிவு செய்பவர் அங்கிருக்கும் அதிகாரி. திரும்பும் டிக்கெட், முதல் தங்குமிடத்தின் முகவரி, இன்ஷூரன்ஸ், செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்று, அழைத்தவரின் தொலைபேசி எண் ஆகியவற்றைத் தாளாகவே கைப்பையில் வையுங்கள். செக்-இன் பெட்டியில் போட்டுவிட்டால் தேவைப்படும் நேரத்தில் கிடைக்காது. பிள்ளைகள் பெற்றோரில் ஒருவரோடு மட்டும் போனால் மற்றவரின் சம்மதக் கடிதமும் பிறப்புச் சான்றிதழும் வேண்டும்.

2025 அக்டோபர் 12 முதல் நுழைவு–வெளியேற்றப் பதிவு முறை ஒன்றைத் தொடங்கியிருக்கிறார்கள். பாஸ்போர்ட்டில் முத்திரைக்குப் பதில், நுழைந்த தேதியும் வெளியேறிய தேதியும் கணினியில் ஏறும். விசாவோடு வருபவருக்கு முகப்படம் எடுப்பார்கள். கைரேகை விசாவின்போதே பதிவாகியிருக்கும். முத்திரை மங்கலாக இருக்கிறது, பக்கம் மாறிவிட்டது என்ற சாக்குக்கெல்லாம் இனி இடமில்லை. 90 நாளைத் தாண்டினால் கணினியே காட்டிக்கொடுக்கும்.